அவரைப் பந்தல் மேல் சாய்ந்த புளியமரம்

எழுபதுகளின் தொடக்கம். பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது. நான் வாழ வந்த நாளிலிருந்து அதன் நிழலில்தான் பாத்திரம் துலக்கினேன். ஒரு ஐப்பசி மழையில் அதன் வேர் மண்ணைவிட்டு எழும்பிவிட்டது.

"வுழுந்தா எங்க புள்ளைங்க வெளையாடுற எடம்க்கா, வெட்டிடுங்க" என்று பக்கத்து வீட்டு பாத்திமா பல தடவை கேட்டாள். புளி உலுக்கிய பிறகு பார்க்கலாம் என்று நான்தான் தள்ளிப்போட்டேன். அவள் கொல்லையில் உதிரும் பழத்தைக்கூட விடாமல் போய்ப் பொறுக்கி வருகிறவள் நான்.

மாசியில் ஒரு காலை அடிமரம் வெடித்தது. வெட்ட வந்த காளியப்பன் சுற்றிப் பார்த்தார்.

"மேல ஏறிக் கிளை கழிக்க முடியாதுங்க. சாய்ச்சா உங்க வூட்டு மேல வுழும், இல்லன்னா அவுங்க அவரைப் பந்தல் மேல."

பந்தல் நிறையக் காய். எந்த முகத்தோடு கேட்பது?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பாத்திமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். "எங்க பக்கமே சாய்ங்கண்ணா. அவரை மறுபடி போட்டுக்கலாம்" என்றாள்.

வடம் கட்டி இழுத்தார்கள். பந்தல் இருந்த இடமே தெரியவில்லை.

நாலு நாள் கழித்து ஒரு கூடையோடு வந்தாள். தன் கொல்லையில் சிதறிய புளியை ஓடு உடைத்து, கொட்டை நீக்கி வைத்திருந்தாள்.

"உங்க மரத்துப் புளிக்கா. ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன்."

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படியொன்றும் இல்லை.

பாதியை அவளிடமே கொடுத்தேன். அந்த மரம் காய்த்த அத்தனை வருஷத்தில் நான் அவளுக்குக் கொடுத்த புளி அது ஒன்றுதான். அதுவும் அவள் பொறுக்கியது.