மறைத்த விளக்குக்குப் பக்கத்தில்

"வெளக்க நீயே ஏத்தற, நீயே மறைக்கற, அப்பால பக்கத்துல இன்னா கீதுன்னு நீயே தேடற. இதுக்கா பாப்பா மெட்ராஸ் போய்ப் படிக்கற?" என்று நைனா கேட்டார். விடுமுறைக்குப் பழவேற்காட்டுக்கு வந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வத்தோடு விளக்கினேன். தூரத்து நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் இருந்தாலும், நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அது நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தை மட்டும் மறைக்கும் கருவியை முதலில் இருட்டறையில் இரண்டு விளக்குகள் வைத்துச் சோதிக்கிறோம். பெரியது நட்சத்திரம், மங்கலானது கிரகம்.

"நெசமாவே அங்க ஒண்ணு கீதா இல்லியான்னு தெரியாமலேவா?"

"நீ மட்டும் மீனு கீதுன்னு தெரிஞ்சிகினா வலை போடற?" என்றாள் அம்மா. நைனா சிரித்துவிட்டார்.

மெட்ராஸ் திரும்பிய அடுத்த வாரமே கிரகம் கிடைத்தது. பெரிய விளக்கைக் கறுப்புத் தகடு மறைக்க, பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி. பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். "சனிக்கிழமை அறிக்கை குடும்மா, ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரு இடம் இருக்கு, அதுக்கு உன் பேரச் சொல்றேன்" என்றார். அவர் போனதும் கிரக விளக்கை அணைத்தேன். புள்ளி அப்படியே இருந்தது.

பெரிய விளக்கின் ஒளிதான் லென்ஸின் விளிம்பில் பட்டுத் திரும்பியிருந்தது.

விளிம்பில் கறுப்பு பூசி மறுபடி பார்க்கவேண்டும். ஆனால் இருட்டறையில் என் முறை அன்றோடு முடிந்தது. மிச்ச நாட்கள் ஒரு சீனியருடையவை. அவரோ ஊருக்குப் போயிருந்தார். எங்கள் ஊர் ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை வைப்பது என்பதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பாடு என்போம். அடுத்தவர் பாடு இருக்கும் நாளில் அந்த இடத்துக்குப் போவது திருட்டு என்று கேட்டு வளர்ந்தவள் நான். இரண்டு நாள் அறை திறந்தே கிடந்தது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை.

வெள்ளிக்கிழமை சீனியர் வந்தார்.

"காலி ரூமுக்கா காவல் இருந்தே? உள்ள போயிருக்கலாமே!"

"உங்க முறைண்ணா."

"முறையாம்! எனக்கே அது ஞாபகம் இல்ல. போம்மா, போ." சொல்லிவிட்டு அவரே வெளிச்சம் வராமல் ஜன்னல் இடுக்கில் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கறுப்பு பூசிய லென்ஸில் போலிப் புள்ளி போய்விட்டது. கிரக விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதுவும் தெரியவில்லை. சாயங்காலம்வரை தேடினேன்.

"சார், நான் காட்டினது கிரகம் இல்ல" என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப எதை வெச்சும்மா உன் பேரச் சொல்றது?" கோபமாகக் கேட்கவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

சனிக்கிழமை, அறிக்கையில் 'தெரிந்தது' என்பதை அடித்துவிட்டு 'தெரியவில்லை' என்று எழுதினேன். போலியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதிச் சேர்த்தேன். அந்த அறிக்கையையே இணைத்து, ஆராய்ச்சி இடத்துக்கு நானாகவே விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.