கோழி தின்ன வாரி

அட, அவ கோழிதான் தின்னுச்சுங்குறேன், வேற யாரு கோழி? நீ உக்காரு தாயி, அந்த மொறத்தத் தள்ளி வச்சிட்டு உக்காரு. நீதான் மக பேறுகாலம்னு அரியலூருக்குப் போயிட்ட. மாதா கோயில் வாசல்ல ஊரே கூடி நம்ம ஊர வரைஞ்சத நீ பாக்கலையே, அதான் எனக்கு ஆத்தாமை.

டவுன்லேர்ந்து மூணு பேர் வந்தாங்க. அதுல கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு, அதத்தான் எல்லாரும் மேடம்னாங்க. நம்ம ஊரு, பக்கத்து ஊரு, தா.பழூர் வரைக்கும் சேத்து ஒரு ப்ளான் போடுறாங்களாம். மழத்தண்ணி எங்க நிக்கணும், மரம் எங்க வைக்கணும், பேரன் பேத்தி காலத்துலயும் இங்க நெல்லு வெளையணும்னா இப்ப என்ன செய்யணும், எல்லாந்தான். அத ஊர்தான் சொல்லணுமாம். ஜீப்ப விட்டு எறங்காமயே ஊரப் பாத்துட்டுப் போன ஆபீசருங்களை நான் பாத்திருக்கேன். இந்தப் பொண்ணு செருப்பக் கழட்டி வச்சிட்டு மண்ணுல சம்மணம் போட்டுச்சு. சாணி தெளிச்ச எடம், துணில ஒட்டுமேன்னேன். ஒட்டட்டும் அம்மாயின்னுடுச்சு. அப்பவே எனக்குப் புடிச்சுப்போச்சு.

பேப்பர் குடுத்தா பேனா புடிச்சவங்க மட்டுந்தான் பேசுவாங்கன்னு, கோலப்பொடியால வரையச் சொல்லுச்சு. எவ்வளவு புத்தி பாரு. நான் பள்ளிக்கூடத்து வாசப்படி மிதிச்சதில்ல, கோலம் எனக்கு வராதா? வாத்தியார்தான் பாவம், மெயின் ரோட்டப் போடுறேன்னு போட்டாரு, அது பாம்பாட்டம் நெளிஞ்சுது. வெள்ளைல தெரு, மஞ்சள்ல முந்திரித்தோப்பு, நீலத்துல தண்ணி. எந்தக் கெணறு எந்த மாசம் வத்தும்னு பொம்பளைங்க சொல்லச் சொல்ல மேடம் வாயத் தொறந்து கேட்டுக்கிட்டிருந்துச்சு.

நம்ம கீழத்தெரு வந்தப்ப நீலம் தீந்துபோச்சு. நம்ம தெரு கதை உனக்குத் தெரியாததா? ஐப்பசி மழைக்கு அடுப்புல தவள உக்காந்திருக்கும். மேட்டுத் தண்ணிய குளத்துக்குக் கொண்டுபோற வாரி தூந்துபோனதாலதான் தண்ணி வூட்டுக்குள்ள வருது. கோலத்துல வாரி இருந்தாத்தான் அது பேப்பருக்குப் போவும், பேப்பர்ல இருந்தாத்தான் தோண்ட வருவாங்க. ஓடிப்போயி வூட்டுலேர்ந்து அரிசி மாவ அள்ளிட்டு வந்தேன். கடைப்பொடி வெறும் கல்லு, என் கைக்கு அது ஒட்டாது. மாதா திருநாளுக்கே அரிசி மாவுலதான் போடுவேன்னு ஒரு பெரும. அந்தப் பெருமதான் என்னயக் கவுத்துச்சு.

வாரிக்குக் குறுக்க மாட்டுக்கொட்டா போட்டிருக்கறவ யாரு? என் கொழுந்தன் பொண்டாட்டி. அந்தக் கொட்டாயாலதான் எனக்கும் அவளுக்கும் வருசக்கணக்கா பேச்சு இல்ல. எதுத்தாப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. ஊருக்கு முன்னால அவ மானத்த வாங்க எனக்கு மனசு வரல. கொட்டாய ஒட்டி ஒதுங்குனாப்புல வாரியப் போட்டு வுட்டேன்.

பன்னெண்டு மணி அடிச்சுது. செபத்தச் சொல்லிட்டு சாப்புடப் போனோம். தக்காளிச்சோறு, கொழஞ்சுபோச்சு, எவ வடிச்சான்னு சொல்ல மாட்டேன். சாப்புட்டு வந்து எல்லாத்தையும் பேப்பர்ல ஏத்திடலாம்னு மேடம் சொல்லிச்சு. வந்து பாத்தா ஊரு அப்படியே இருக்கு, என் வாரிய மட்டும் காணோம். கல்லுப்பொடியக் கோழி சீண்டல. அரிசி மாவ ஒரு பொட்டு விடாமக் கொத்தித் தின்னுட்டு, குஞ்சும் குட்டியுமா குளத்து மேல நிக்குது. எல்லாம் அவ கோழி.

இனிமே நான் வாரி இருந்துச்சும்பேன், அவ இல்லைம்பா. ரெண்டு கெழவிங்க சண்டைன்னு கீழத்தெருவ விட்டுட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவாங்க. அந்தப் பக்கம் மேடம் எழுத ஆரம்பிச்சாச்சு. திரும்பிப் பாத்தா அவ ஆளையே காணோம்.

செத்த நேரத்துல வரா, மடி நெறைய முந்திரிக்கொட்ட. ஓட்டோட இருக்குறது, அதக் கோழி தின்னாது. குளத்துலேர்ந்து ஒவ்வொண்ணா வச்சுக்கிட்டே குந்துனவாக்குல நகந்து வரா. கொட்டாகிட்ட வந்ததும் ஒதுங்குவான்னு பாக்குறேன். ஒதுங்கல தாயி. கொட்டா நடுவால வச்சுக்கிட்டுப் போறா. அங்க மாட்டுக்கொட்டா இருக்கேம்மான்னு மேடம் கேட்டுச்சு.

"கொட்டா நேத்து வந்தது மேடம். தண்ணி அதுக்கு முந்தியே இந்த வழியாத்தான் போவுது" ன்னா.

அப்புறம் என்னய நிமிந்து பாத்தா. "கோழி மேயுற ஊர்ல அரிசி மாவா எடுத்துட்டு வருவ? அதுலயும் கோணலா வேற போட்டிருக்க."

"கோழி ஒன்னுதுதானே" ன்னேன்.

"அதான் முந்திரிக்கொட்டையும் என்னுது."

எத்தன வருசம் கழிச்சு எங்கிட்டப் பேசுறா பாரு, பேசுனது அதுதான். வாய மூடிக்கிட்டு நின்னிருந்தா அவ கொட்டாய எவனும் தொட்டிருக்க மாட்டான். நானா இருந்தா நின்னிருப்பேன், உங்கிட்டச் சொல்றதுக்கென்ன.

போன மாசம் வாரி தோண்டியாச்சு. அவளே ஆள் வுட்டுக் கொட்டாயப் பிரிச்சா. புதுசு போடுற வரைக்கும் மாடு ரெண்டும் எங்க நிக்கும்? நான்தான் அவுத்துட்டு வந்து என் கொல்லைல கட்டிக்கிட்டேன். ஐப்பசி வரட்டும், தண்ணி எந்த வழியா... இந்தா, கத்துது கேக்குதா? கழுநீர் வைக்கிற நேரம். அந்தக் கறுப்பு மாடு அவளாட்டமே, செத்த நேரம் பொறுக்காது. அந்த மொறத்த எடுத்து உள்ள வையி தாயி, கயித்த அத்துடப் போவுது.