வயரிங் வகுப்பு

மகளின் பள்ளியில் இன்று விருப்பப் பாடங்களின் செய்முறைக் கண்காட்சி. மின்சாரப் பிரிவு அறையைக் கடந்தபோது கம்பியின் மேலுறை கருகும் வாசனை வந்தது. நான் வராந்தாவிலேயே நின்றுவிட்டேன்.

நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் தொழில் வகுப்பு. பெண்களுக்குத் தையல், பையன்களுக்கு வயரிங். என் தோழி கோமளாவும் நானும் தலைமையாசிரியரிடம் இரண்டு முறை கேட்டு வயரிங்கில் சேர்ந்தோம்.

"பொடவைக்குக் கரண்டு வுடப் போறீங்களா?" என்று பையன்கள் சிரித்தார்கள்.

வயரிங் சார் நோட்டில் எழுதவே விடமாட்டார். எல்லாவற்றையும் கையால் செய்துதான் கற்க வேண்டும். பல்பு எரியாவிட்டால் முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் விதி. ஸ்விட்சை நான் பார்த்துக்கொள்வதாக எனக்கும் கோமளாவுக்கும் பேச்சு.

மூன்றாம் வாரம் எங்கள் பல்பு எரியவில்லை. நான் ஸ்விட்சை மறந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோமளா தறி வீட்டுப் பெண். அறுந்த இழையைச் சேர்ப்பதுபோல விரல்களை நாக்கில் நனைத்து, விட்டுப்போன கம்பியை முறுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் சார் கேட்டார்: "ஸ்விட்ச ஆஃப் பண்ணலயாம்மா?"

"பண்ணிட்டேன்னு நெனச்சிக்கினு கைய வச்சிட்டேன் சார்" என்றாள் கோமளா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அவள் திரும்பி வந்தபோது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன. பெண்களுக்கு வயரிங்கை நிறுத்தியிருந்தார்கள். தையல் வகுப்பில் ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினாள்.

"கோத்துக் குடுடி. இதையாவது மறக்காம செய்."