இழுவைப் பல்லும் ஓட்டப் பல்லும்

மண்ணெண்ணெய்யில் ஓடுகிற லொறியின் புகை வெள்ளையாக இருக்கும். கண்ணில் பட்டால் எரியும், நாக்கில் கசக்கும், எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் துணியை விட்டுப் போகாது. எங்கள் வீட்டில் தலையணையில் அது மணந்தது, பாணில் மணந்தது, ஞாயிறு பூசைக்கென்று அம்மா அலுமாரியில் தனியாக மடித்து வைத்த சேலையிலும் மணந்தது. வகுப்பில் எனக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னடி, மண்ணெண்ணெய்யிலயே குளிக்கிறனீயோ?" என்று கேட்டாள். அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, அதற்குத் தண்டனையாக ஒரு பாடம் முழுக்க முழங்காலில் நின்றேன். இப்போதும் அந்த மணம் எங்காவது வந்தால் எனக்குத் தலை இடிக்கும். யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் போலிருக்கும்.

யுத்த காலம். அடம்பனில் வயற்கரை ஓரம் எங்கள் வீடு. எங்கள் பக்கத்துக்கு டீசல் வர விடாமல் தடுத்திருந்தார்கள். மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டு அட்டைக்கு அளந்து கிடைத்தது. வீட்டு முற்றத்தில் நின்ற மூக்கு நீண்ட பழைய லொறி என்னைவிட வயதில் மூத்தது. அதில் பாதி அப்பாவுக்குச் சொந்தம், மற்றப் பாதி அம்மாவின் அண்ணன் லூயிஸ் மாமாவுக்கு. மாமா விடத்தல்தீவில் மீன் வாங்கி உள் ஊர்களுக்கு அனுப்புகிறவர். அப்பாவோ மலையகத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். தேயிலைத் தோட்டத்து லொறி ஓடிப் பழகிய கை. வந்து எத்தனையோ வருடமாகியும் அவருடைய பேச்சு மாறவில்லை. அதற்காகவும் நான் பள்ளிக்கூடத்தில் சண்டை பிடித்திருக்கிறேன்.

டீசல் நின்றதும் லொறியின் சொந்த எஞ்சினைக் கழற்றி, சாக்குச் சுற்றி, மாட்டுக் கொட்டிலில் வைத்தார்கள். ஓடாமல் கிடந்த ஒரு வான் வண்டியிலிருந்து சின்னப் பெட்ரோல் எஞ்சினை எடுத்து அந்த இடத்தில் இருத்தினார் அப்பா. அப்படியான எஞ்சினை மண்ணெண்ணெய்க்குப் பழக்கலாம். சேலைன் போத்தலில் பெட்ரோலை நிரப்பி மேலே தொங்கவிட்டு, நாலு சொட்டு விட்டு எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வானின் கியர்பொக்ஸ் வேண்டாம், அது பாரம் தாங்காது என்று சொல்லி, கடைசல் பட்டறையில் ஒரு இரும்புத் தட்டு வெட்டுவித்து, அந்தச் சின்ன எஞ்சினை லொறியின் பழைய கியர்பொக்ஸோடு பூட்டினார். அதுவரைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பின் அச்சுக்குப் பல்லுத் தெரிவு செய்யும்போதுதான் பிரச்சினை வந்தது.

பின் சில்லுகளைச் சுழற்றுகிற பல்லுச் சக்கரங்கள் ஒரு பெரிய இரும்புக் குண்டாக ஒன்றுசேர்ந்து அச்சின் நடுவில் இருக்கும். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன. ஒன்றைப் போட்டால் சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கமிருந்து வருகிற தண்டு ஐந்து சுற்றுச் சுற்றினால் போதும். லொறி பறக்கும், ஆனால் பாரத்தில் முக்கும். மற்றதைப் போட்டால் ஏழு சுற்று வேண்டும். எதையும் இழுக்கும், ஆனால் ஊரும். வீட்டில் நாங்கள் அவற்றை "ஓட்டப் பல்லு", "இழுவைப் பல்லு" என்போம். மாமாவுக்கு ஓட்டப் பல்லு வேண்டும், மீன் பழுதாகும் முன் சந்தைக்குப் போகவேண்டுமே. அப்பா இழுவைப் பல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், கோயில் படியைத் தவிர வேற ஏத்தமே இல்லாத ஊரில மலைப் பல்லைப் போடுறீரே! இஞ்ச ஏறுறதுக்கு எங்க கிடக்கு மலை?" என்று மாமா கேட்டதும் முற்றத்தில் நின்ற எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. "எஞ்சினுக்குத் தெம்பு இல்ல மச்சான். தெம்பில்லாத எஞ்சினுக்குப் பல்லாலதான் தெம்பு குடுக்கணும். மாரி வரட்டும், ஒங்க ஊரு சேறே மலைதான்" என்றார். இழுவைப் பல்லே ஏறியது.

ஐயோ, அந்த லொறியில் போன மானக்கேட்டை என்னவென்று சொல்ல! தெருப் பிள்ளைகள் அதற்கு "ஆமை லொறி" என்று பெயர் வைத்தார்கள். மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரர் மணியடித்து எங்களைக் கடந்து போகையில், "அண்ணை, சந்தையில ஆருக்கும் சேதி சொல்லவேணுமோ? நான் முந்திப் போறன்!" என்று கத்துவார். முன் இருக்கையில் இருக்கிற நான் வெட்கத்தில் குனிந்துகொள்வேன். மாரி வந்தபோது, மற்ற வாகனமெல்லாம் வயல் சேற்றில் அச்சுவரை புதைந்து நிற்க, எங்கள் ஆமை மட்டும் நெல்மூட்டையோடு முனகி முனகி வெளியே வந்தது உண்மைதான். என்றாலும் அந்த வயதில் எனக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. ஓட்டப் பல்லைப் போடுங்கோ என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள் விடத்தல்தீவுக் கரையில் விமானம் குண்டு போட்டது. மீன் நிறுத்துக்கொண்டிருந்த மாமாவின் வலது காலில் முழங்காலுக்குக் கீழே காயம். அந்த நேரம் பார்த்து அங்கே நின்றது, மாமாவைப் பார்க்க நாங்கள் மூவரும் போயிருந்த எங்கள் லொறிதான். அப்பா மாமாவைப் பின்னால் ஏற்றி, அம்மா துணியால் காலை இறுக்கிப் பிடித்திருக்க, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். ஓட்டினார் என்று எழுதுகிறேன், உண்மையில் ஊர்ந்தார். எஞ்சின் உயிரை விட்டுக் கத்தியது, வேகம் மட்டும் வரவில்லை. அப்பா தன் தொடையில் தானே அடித்துக்கொண்டு, "ஓடுடா, ஓடுடா" என்று அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

அம்மா கோபக்காரி அல்ல. அன்றைக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில், இரத்தம் காய்ந்த கையோடு, அத்தனை சனத்துக்கும் முன்னால் அப்பாவைப் பார்த்து, "ஏறுங்கோ! இனி உங்கட மலையில போய் ஏறுங்கோ!" என்று கத்தினார். அப்பா மறுநாளே இழுவைப் பல்லைக் கழற்றி லொறியின் பின்பெட்டி மூலையில் கட்டி வைத்துவிட்டு, ஓட்டப் பல்லை ஏற்றினார். மாமா ஒரு காலோடு எங்கள் வீட்டுக்கு வந்ததும் அதைக் கேள்விப்பட்டு, "போன கால் இனி முளைக்கப் போகுதோ மச்சான்? பேசாமல் பழையதையே போடும்" என்றார். அப்பா கேட்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். மாமாவின் கால் போன வீட்டில், இனி லொறி ஓடும் என்று சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

அந்த வருட மாரியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, இராணுவத்தின் செல் குண்டுகள் அடம்பனை நெருங்கின. ஊர் வடக்கே இலுப்பைக்கடவைப் பக்கம் வெளிக்கிட்டது. அரிசி, சட்டி பானை, இரண்டு பக்கத்து வீட்டுச் சாமான்கள், மாமா, அம்மா, நான் என்று எல்லாவற்றையும் அப்பா லொறியில் ஏற்றினார். காலை பத்து மணி இருக்கும், பாதையில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளத்தில் லொறி இறங்கியது; இறங்கியது ஏறவில்லை. எஞ்சின் முக்கியது, கிளச் கருகி மணத்தது, பின் சில்லு களிமண்ணுக்குள் போனது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். மாமா மட்டும் பெட்டியில் இருந்தபடி, ஊன்றுகோலால் பலகையில் அடித்து, "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார். ஓட்டப் பல்லில் அந்தச் சின்ன எஞ்சினுக்கு அந்தச் சேறு முடியாத காரியம். அப்பாவுக்கு அது முதல் உறுமலிலேயே தெரிந்திருக்கும்.

கூட வந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்கள். பின்னால் ஒரு ட்ரக்டர் வந்தது. லொறியை இழுக்கச் சக்தியில்லை, ஆனால் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது என்றார் ஓட்டியவர். மாமாவைத் தூக்கி அதில் ஏற்றினார்கள். அப்பா அதற்குள் லொறியைத் தூக்கி நிறுத்தப் பலகையும் ஜக்கும் எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க போங்க. அஞ்சு மணித்தியாலம். பல்ல மாத்திக்கிட்டுப் பின்னாலயே வந்துர்றேன்."

"விசரே உங்களுக்கு? செல் விழுகுது! லொறி பெரிசோ, நாங்கள் பெரிசோ?"

"மச்சானால நடக்க முடியாது புள்ள. இன்னும் எத்தன எடத்துக்கு ஓடணுமோ. இது இல்லேன்னா அவர யாரு தூக்குறது?"

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளக்கூடிய நிலையிலும் இல்லை. என்னை இழுத்து ட்ரக்டரில் ஏற்றி, தானும் ஏறி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா லொறிக்கடியில் போயிருந்தார். இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன, ஒன்றில் செருப்பு இல்லை. "அப்பா!" என்று கூப்பிட்டேன். அவர் காலை ஆட்டிக் காட்டினார்.

இலுப்பைக்கடவையில் கோயில் வளவில் மரத்துக்குக் கீழே இருந்தோம். பின்னேரம் மூன்று மணியானது, நாலு மணியானது. பாதையில் எஞ்சின் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்து மணிக்குப் பிறகு பின்னாலிருந்து ஒருவரும் வரவில்லை. பாதையை அடித்து மூடிவிட்டார்கள் என்று சனம் சொன்னது. மறுநாள் நாங்களும் அங்கிருந்து ஓட வேண்டியதாயிற்று. பிறகு ஓடியதையெல்லாம் எழுத எனக்கு மனமில்லை. எங்கேயும் மாமாவை யாராவது தூக்கித்தான் கொண்டு போனார்கள்.

சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது, காணாமல் போனவர்களைப் பதிகிறவர்கள் வந்தார்கள். அம்மா எழும்பவே இல்லை. "அவரை ஒருத்தரும் கொண்டு போகேல்லை. பெண்சாதி பிள்ளையை அனுப்பிப்போட்டு லொறியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டவர்" என்றார். கேட்ட எல்லோரிடமும் இதையேதான் சொன்னார், வருடக்கணக்காக. அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவும் விடவில்லை. எனக்கு அம்மாவில் ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் இரவு படுக்கையில் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. எங்களுக்காக நின்றாரா, லொறிக்காக நின்றாரா?

மீளக் குடியேற விட்ட பிறகும் அந்தப் பாதையோரம் வெகுகாலம் கண்ணிவெடிக்கான சிவப்புத் தடிகள் நாட்டியிருந்தன. அதனால்தான் பழைய இரும்பு பொறுக்குகிறவர்கள் உள்ளே போகவில்லை. தடிகளைப் பிடுங்கிய வாரம் மாடு தேடிப் போன ஒருவர் வந்து, உங்கள் லொறி போல ஒன்று நிற்கிறது என்றார். மூன்று பேரும் போனோம். பள்ளத்தடியில் லொறி இல்லை. அங்கிருந்து வடக்கே, இன்னும் இரண்டு பள்ளங்களைக் கடந்து, கிட்டத்தட்ட இரண்டு மைல் தள்ளி, மேட்டில், முகம் இலுப்பைக்கடவையைப் பார்த்தபடி நின்றது. முன் கண்ணாடி இல்லை. கதவு முழுக்கத் துளைகள். உள்ளே ஆளுமில்லை, ஆள் இருந்த அடையாளமும் இல்லை.

"ஆமி இழுத்துக்கொண்டு வந்து விட்டிருக்கும்" என்றார் அம்மா. மாமா ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, கையால் ஊர்ந்து பெட்டிக்குள் ஏறினார். மூலையில் மண்ணை வழித்தார். அங்கே கட்டிக் கிடந்தது ஓட்டப் பல்லு.

"தங்கச்சி," என்றார் மாமா. "மாத்திப்போட்டான். மாத்திப்போட்டு, கழட்டினதையும் தூக்கி ஏத்திக்கொண்டு வந்திருக்கிறான்."

அம்மா லொறியின் மூக்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். "நான் சொன்னதாலதானே அண்ணா இதைப் போட்டவர்" என்று அழுதார். மாமா தன் காலால்தான் என்றார். நான் நச்சரித்ததை அவர்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் சொன்னேன்.

இப்போது அந்தப் பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள். பள்ளங்களில் பாலம். புதுலொறிகள் எங்கள் ஐந்து மணித்தியாலத்தை ஐந்து நிமிடத்தில் கடந்து போகின்றன. எந்தப் பல்லு என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. லொறியை மறு மாதமே யாரோ பழைய இரும்புக்கு வெட்டி ஏற்றிவிட்டார்கள், மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். லொறியைக் கண்ட அடுத்த கிழமை அம்மா அப்பாவின் படத்தைப் பெரிதாக்குவித்து, காணாமல் போனவர்களைக் கேட்டுத் தாய்மார் இருக்கிற பந்தலில் போய் இருந்தார். இன்றைக்கும் முழங்கால் வலியோடு அங்கே போகிறார். போன மாதம் கூட்டிக்கொண்டு வரப் போயிருந்தேன். கையில் படிவக் கோவையோடு வந்த ஒரு அரசாங்கக் கந்தோர்ப் பிள்ளை, கணவரைக் கடைசியாக எங்கே கண்டீர்கள், என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டாள்.

அம்மா படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தார்.

"எழுதுங்கோ பிள்ளை," என்றார். "எங்களிட்ட வந்துகொண்டிருந்தவர்."