சுவரைப் பார்க்காத வெள்ளை பல்பு

நேற்று என் காரின் ஃபாக் லைட்டில் இருந்த மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டினேன்.

மாட்டியதும் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் நான் சொல்லும் பாடம் இது. அவசரத்தில் நான் பார்க்கவில்லை.

இன்று காலை ஜாசின் ஊர்ப் பக்கம் செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரே பனிமூட்டம். எதிரே வந்த மோட்டார் சைக்கிள் தடுமாறியது. ஓட்டத் தெரியாத ஆள் என்று ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விட்டேன்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து வீட்டு மணியம் அங்கிள், முழங்காலில் கட்டோடு.

"கண்ணுல நேரா அடிச்சான் தம்பி. ஒண்ணும் தெரியல, ரோட்டோரச் சாக்கடை லோங்காங்ல விழுந்துட்டேன். ரெண்டு வாரத்துக்குத் தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டப் போக முடியாதுலா."

"அது என் கார்தான் அங்கிள்."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஹார்ன் வேற அடிச்சியேடா!"

இப்போதுதான் காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தினேன். வெளிச்சம் சரியாக அவர் முக உயரத்தில் விழுகிறது.

பழைய மஞ்சள் பல்புகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். இந்தக் கார் குழுவில் யாரிடமாவது ஒரு ஜோடி இருக்கிறதா? அறிவுரை வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.