அக்காவின் தோள்களோடு உக்கடம் வரை

காலை 8.10. கருமத்தம்பட்டியில் காந்திபுரம் டவுன் பஸ் ஏறினோம். எனக்கு மட்டும்தான் டிக்கெட். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "படிச்சவன் நீ காசு குடு, படிக்காதவ நான் ஓசியில வாரேன்," என்று சிரித்தாள் பூங்கொடி அக்கா. உட்காரும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன்தான். அக்கா ஐந்தாவதோடு நின்று விசைத்தறி ஓட்டப் போனாள். இரண்டு வருடமாக அவளுக்கு உடம்பெல்லாம் வலி. ரத்தம், எக்ஸ்ரே எதிலும் ஒன்றும் இல்லை. தூங்கி எழுந்தாலும் தூங்கியது போலிருக்காது. சொந்தக்காரர்கள் 'சாக்கு' என்றார்கள். கடைசியில் ஒரு டாக்டர்தான் ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். மாத்திரை, மெதுவான நடை, நல்ல தூக்கம், இவற்றோடு இதமான மசாஜும் சிலருக்கு உதவும் என்றார்.

ஆனால் போன மாதம் பக்கத்து ஊரில் மசாஜ் செய்துகொண்டு வந்தவள் மூன்று நாள் படுத்த படுக்கை. இன்று உக்கடத்தில் வேறொருவரிடம் அழைத்துப் போகிறேன். நீலாம்பூர் தாண்டும்போது மெல்லக் கேட்டேன்.

"அழுத்தம் செரியான்னு அந்தம்மா கேக்கவே இல்லையாக்கா?"

"கேட்டாங்க. நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"உசுரு போற மாதிரி வலிச்சதுன்னு சொன்னியே!"

"பாவம்டா, அத்தனை சிரமப்பட்டு அமுக்கறாங்க. வலிக்குதுன்னா மனசு சங்கடப்படாது?"

எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. விருந்து வீட்டில் காப்பி கொதித்து நாக்கு வெந்தாலும் "அருமைங்க" என்றுதான் சொல்வோம்.

"இந்த ஒரு தடவைதான் கண்ணு," என்றாள் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி. "இதுலயும் படுத்துட்டேன்னா, அப்புறம் ஆஸ்பத்திரி, மசாஜ்னு என்கிட்ட ஆரும் வரப்படாது."

மேம்பாலத்தின் நிழலிலேயே பீளமேடு கடந்து, 9.30க்குக் காந்திபுரம். வேறு பஸ் மாறி உக்கடம். பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு சந்துக்குள் முதல் மாடி. அக்கா படிக்கட்டில் இரண்டு முறை நின்று ஏறினாள். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு எழுநூறு ரூபாய். மசாஜ் செய்பவர் ரெஜினா, பொள்ளாச்சிக்காரர். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"இது நோவத் தீர்த்துப்போடும்னு நான் சொல்ல மாட்டனுங்க. உடம்பு கொஞ்சம் இளகும், தூக்கம் வரும். அழுத்தம் எத்தனைன்னு நீங்கதான் சொல்லோணும்."

திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இது செரிங்களாக்கா?"

"நல்லா இருக்குதுங்க."

நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ரெஜினா மறுபடியும், "இப்போ?"

"நல்லா இருக்குதுங்க."

பொறுக்க முடியாமல் குரல் கொடுத்தேன். "அக்கா, மெய்யாலுமா?"

"நீ சும்மா கெட!"

ரெஜினா சிரித்தார். "ஏனுங்கக்கா, உங்க வாயி நல்லா இருக்குதுங்குது. தோளு கல்லாட்டம் இறுகுது. நான் எதை நம்பறதுங்க?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "வலிக்குதுங்க!"

பதினெட்டுத் தறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது. பெரியவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி," என்றது அதே குரல், கொஞ்சம் இறங்கி.

"நீங்க சொன்னாத்தானுங்க எனக்கு வேலையே சுலபம்."

அவ்வளவுதான், அக்காவுக்கு வாய் திறந்துகொண்டது. "அக்கட்ட வேண்டாங்க, இக்கட்ட. இன்னும் மெதுவா. அந்த எடத்தத் தொடவே வேண்டாங்க." தறிக் குடோனில் மேஸ்திரி அதட்டுவது போல மீதி நேரம் முழுக்க அதட்டினாள். நான் வெளியே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

12 மணிக்குப் பெரிய குளத்தின் கரையில், ரெஜினா சொன்னபடி மெதுவாக நடந்தோம். தண்ணீர்க் காற்று சில்லென்று அடித்தது. இரண்டு டீ குடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற பெண்ணின் துணிப்பை அக்காவின் தோளில் வந்து சாய்ந்தது. வழக்கமாக ஊர் வரும்வரை தாங்கிக்கொள்வாள்.

"ஏனுங்க, பையக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா? எனக்குத் தோளு வலிக்குதுங்க."

"அய்யோ, சொல்லப்படாதுங்களா!" என்று அந்தப் பெண் பையைக் காலடியில் வைத்தார். அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள்.

அன்று அக்கா வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் எழுந்திருப்பாளா என்பதுதான் கேள்வி.

காலை 6.15. வாசலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வலி போயிருச்சாக்கா?"

"எங்கடா போகுது, இருக்குது. ஆனா படுக்கல பாத்தியா! நடுவுல முழிப்பே வரல. அந்தப் புள்ளகிட்ட மறுபடி எப்ப வரட்டும்னு கேளு."

மாமா டீ போட்டு எடுத்து வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து காலை டீ அவர் வேலைதான். "எப்படி இருக்குது?" என்று வழக்கம் போலக் கேட்டார்.

அக்கா ஒரு வாய் குடித்தாள்.

"சக்கரையே இல்லீங்க மாமா. என்னைக்குமே இருந்ததில்லீங்க."

மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சர்க்கரை டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.