இரண்டு எழுத்துக் கட்டளை

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் பெருமையாகச் சொல்லும் கதை ஒன்று இருந்தது. கணினியில் எதையும் அழிக்கும் கட்டளை ‘ஆர்எம்’ என்று இரண்டே ஆங்கில எழுத்து. அந்தக் காலத்து விசைகளை அமுக்கி அமுக்கி விரல் வலித்ததால், ‘ரிமூவ்’ என்ற சொல்லை அப்படிச் சுருக்கிவிட்டார்கள்.

திருநெல்வேலியில் ஒரு ஸ்கேன் சென்டரின் கணினிகள் என் பொறுப்பு. ஒரு மதியம் பழைய படங்களை அழிக்கப் போய், அந்த இரண்டு எழுத்தோடு அன்றைய ஃபோல்டரின் பெயரை அடித்துவிட்டேன். அன்று எடுத்த படமெல்லாம் போயிற்று.

சீவலப்பேரிக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். “யம்மா, ஆபரேஷனுக்கு டாக்டர் நிக்காரு. எம் பொஞ்சாதி செய்தலி பாத்திமா தலைப் படம் வந்துட்டா?”

அது மருந்து ஏற்றி எடுத்த படம். இன்னொரு தடவை ஏற்றினால் அந்த அம்மாவின் கிட்னி தாங்காது. “மெஷின் மெதுவா ஓடுது” என்று பொய் சொன்னேன். பத்து நிமிடம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதுதான் இன்றும் குத்துகிறது.

கடைசியில் ஸ்கேன் எடுக்கும் முருகேசன் அண்ணாச்சியிடம் அழுதேன்.

“அப்பமே சொல்லக்கூடாதா? இன்னைக்குப் படம் ஸ்கேன் மெஷினுக்குள்ளயும் கிடக்கும்லா!” என்று எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்ததுதான். பயத்தில் மறந்திருந்தது.

இப்போது எங்கள் கணினியில் அந்த இரண்டு எழுத்து வேலை செய்யாது. எதை அழிப்பதானாலும் ‘செய்தலி பாத்திமா’ என்று முழுப் பெயரையும் அடிக்கும்படி மாற்றிவிட்டேன். விரல் வலிக்கட்டும்.